எதற்கு, யாருக்கு: ஒரு பெரிய மடக்குக் கத்தியின் கைவாகு குறித்து

அண்மையில் இளைய ஆய்வாளர் ஒருவர், இணையவழியில் தாம் வாங்கிய பெரிய மடக்குக் கத்தி ஒன்றை என் மேசைமேல் வைத்து, "அக்கா, அடுத்த மாதம் களப்பணிக்குப் போகிறேன். இது கைக்குச் சரிவருமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அலகின் நீளம் 15 செ.மீ. மூடிய நிலையில் 19 செ.மீ. எடை 300 கிராமுக்குச் சற்று மேல். கரும்பூச்சு, சொரசொரப்பான பிடி, காற்சட்டைப் பையில் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி. பெட்டியின்மேல் 'டாக்டிகல்' என்னும் அடைமொழி. மொழியியல் படித்தவளிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று முதலில் நகைத்தேன். பின்னர் மூன்று வாரம் அக்கத்தியுடன் பழகினேன். அவருடன் களத்துக்கும் ஒருமுறை சென்றுவந்தேன். அதன் விளைவே இப்பதிவு. சற்று நீளமானது. களப்பணிக்குச் செல்லும் மாணவர்களேனும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

என் முடிவை முன்னரே கூறிவிடுகிறேன். இது மட்டமான கத்தி என்று சொல்லமாட்டேன். எஃகு நல்லது; பொருத்தும் சீரானது. ஆயினும் இதனைக் களப்பணிக்கு எடுத்துச் செல்லலாகாது. ஒரு கத்தியின் கையாளுகையை மதிப்பிடும்போது நாம் பெரும்பாலும் அதனைப் பிடித்திருப்பவரின் கையை மட்டுமே கணக்கில் கொள்கிறோம். செய்யவேண்டிய வேலையும், எதிரில் அமர்ந்திருக்கும் மனிதரும் அக்கணக்கில் சேரவேண்டும் என்பதே இங்கு நான் வலியுறுத்த விரும்புவது.

கையாளுகைக்கு நம் ஊர்களில் வழங்கும் சொல் 'கைவாகு'. அரிவாளும் மண்வெட்டியும் புழங்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். புதிய அரிவாளை ஒருமுறை தூக்கிப் பார்த்து, 'கைவாகாக இல்லை' என்று பட்டறையிலேயே திருப்பி வைத்துவிட்டு வருவதைச் சிறுவயதில் பலமுறை கண்டிருக்கிறேன். அச்சொல் கருவியின் பண்பை மட்டும் குறிப்பதில்லை. ஒருவருக்கு வாகான அரிவாள் மற்றொருவருக்கு வாகாக இராது. புல்லறுக்க வாகானது விறகு பிளக்க உதவாது. கை, கருவி, வேலை ஆகிய மூன்றும் கூடும் இடத்தில்தான் வாகு பிறக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் கத்தி மதிப்புரைகள் பலவும் இதனை எடை, நீளம், எஃகின் கடினம் என எண்களாகப் பிரித்துவிடுகின்றன. எண்கள் வேண்டியவையே. ஆனால் அவற்றைக் கூட்டினால் வாகு கிடைத்துவிடாது.

முதலில் அளவைப் பார்ப்போம். மடக்குக் கத்தியின் அலகு பிடிக்குள் அடங்கியாக வேண்டும். ஆகவே பிடி எப்போதும் அலகைவிட நீளமாகவே இருக்கும். மடங்காத கத்திக்கு இக்கட்டாயம் இல்லை. கொல்லர் கைக்கு ஏற்பப் பிடியை அமைத்துவிடலாம். என் உள்ளங்கையின் அகலம் ஏறத்தாழ 8 செ.மீ.; இக்கத்தியின் பிடியோ 19 செ.மீ. எனவே பிடியின் பாதிக்கு மேற்பட்ட பகுதி கைக்கு வெளியே நிற்கிறது. அலகை ஒட்டிப் பிடித்தால் பின்பகுதி மணிக்கட்டைத் தாண்டி நீண்டு, கையைத் திருப்பும்போதெல்லாம் இடிக்கிறது. பின்னுக்குத் தள்ளிப் பிடித்தால் வெட்டுமுனை வெகுதூரம் போய்விடுகிறது. கத்தியின் கனம் முன்னே சாய்ந்து மணிக்கட்டை இழுக்கிறது. அலகு பெரிதாகப் பெரிதாக இத்தொல்லையும் பெரிதாகும். தயாரிப்பவரின் திறமையின்மை இதற்குக் காரணமன்று. மடங்குதல் என்னும் அமைப்பே தரும் விலை இது.

1956இல் ஜான் நேப்பியர் என்னும் உடற்கூற்றியலாளர் மனிதக் கையின் பிடிப்பை இருவகையாகப் பகுத்தார். விரல்களும் உள்ளங்கையும் சேர்ந்து இறுக்குவது வலிமைப் பிடிப்பு. கட்டைவிரலும் மற்ற விரல் நுனிகளும் சேர்ந்து பற்றுவது நுண்பிடிப்பு. எந்தப் பிடிப்பு அமையும் என்பதைப் பொருளின் வடிவத்தைவிட, செய்யக் கருதிய செயலே முடிவு செய்கிறது என்பது அவரது முக்கியமான கருத்து. இறுகிய புட்டி மூடியைத் திறக்கையில் முதலில் உள்ளங்கையால் பற்றித் திருகுகிறோம்; இளகிய பிறகு அதே மூடியை விரல் நுனிகளால் சுழற்றுகிறோம். மூடி மாறவில்லை, வேலை மாறிவிட்டது. நல்ல கைக்கத்தி இவ்விரு பிடிப்புக்கும் இடம்தர வேண்டும். எங்களிடமிருந்த கத்தி வலிமைப் பிடிப்புக்கு மட்டுமே செதுக்கப்பட்டது. பென்சில் சீவவும் கொய்யா நறுக்கவும் அதனை விரல் நுனியில் பற்ற முயன்றபோது, பிடியின் முகடுகள் விரலை அழுத்தின, கனம் பின்னிழுத்தது. தேங்காய் நார்க் கயிற்றையும் அட்டைப் பெட்டியையும் நன்றாகவே அறுத்தது. ஆனால் அவ்விரண்டையும் அரைச்சாண் நீளமுள்ள மலிவான கத்தியும் அதே அளவுக்கு அறுத்தது.

அடுத்தது பூட்டு. மடக்குக் கத்தியின் உயிர்நிலை அதன் கீல். திறந்த அலகு தானே மடங்கிவிடாதபடி தடுப்பது பூட்டு. நெம்புகோல் கணக்கைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கீலிலிருந்து 15 செ.மீ. தொலைவிலுள்ள அலகு நுனியின் முதுகில் 5 கிலோ எடை அழுத்துவதாகக் கொள்வோம். பூட்டு, கீலிலிருந்து 1 செ.மீ. தொலைவில் அலகைத் தாங்குமாயின், அவ்விடத்தில் 75 கிலோவுக்கு நிகரான அழுத்தம் விழும். அலகு 7 செ.மீ. மட்டும் இருந்தால் அதே விசைக்கு 35 கிலோவோடு நின்றுவிடும். கீலில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தளர்ச்சி ஏற்பட்டாலும் நுனியில் அது ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டமாக வெளிப்படும். பெரிய மடக்குக் கத்தி வாங்குவோர் அலகின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன், துணியால் நுனியைப் பற்றி மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். ஆட்டம் தென்பட்டால், அக்கத்தி தன் விரலைத் தானே தேடிவரும் நாள் தொலைவில் இல்லை.

திறப்பதைவிட மூடுவதே கடினம் என்பதையும் இம்மூன்று வாரங்களில் கற்றேன். பிடியின் உட்புறத்தில் மெல்லிய தகடு ஒன்று வில்போல் வந்து அலகைத் தாங்கும் வகைப் பூட்டை விடுவிக்க, கட்டைவிரலை அலகு மடங்கும் வழியிலேயே வைத்தாக வேண்டும். முதுகுப்புறம் அழுத்தி விடுவிக்கும் வகையில் அந்த இடர் குறைவு. ஆனால் கனமான நீண்ட அலகை ஒரே கையால் மடக்குகையில் மற்ற நான்கு விரல்களும் அதன் வழியில் நிற்கும். பிரான்சின் சவோய்ப் பகுதியில் 1890இல் தோன்றிய ஒப்பினெல் கத்திக்கு, 1955இல் சுழலும் வளையப் பூட்டு சேர்க்கப்பட்டது. வளையத்தைத் திருப்பினால் அலகு நிற்கும். மறுபடி திருப்பினால் மடங்கும். இரு கையும் வேண்டும். ஒரு கையால் திறப்பதைப் பெருமையாகப் பேசுவோர் இதனைக் குறை என்பர். உழவருக்கும் இடையருக்கும் அந்தக் குறையே விரலைக் காத்தது. மலையேறிகளுக்கும் மீட்புப் பணியாளருக்கும் ஒரு கையால் திறக்கும் தேவை உண்டு. அவர்களது மறுகை கயிற்றையோ ஒரு மனிதரையோ பற்றியிருக்கும். ஒலிப்பதிவுக் கருவியும் குறிப்பேடும் ஏந்திச் செல்லும் நமக்கு அத்தேவை என்று வரும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

மைசூருக்கு மேற்கே குடகில் கத்தியின் வாகைப் பலர் முன்னிலையில் சோதிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. கொடவர் திருமணத்தில், நட்டுவைத்த வாழைத் தண்டுகளை ஒடிகத்தியால் ஒரே வீச்சில் வெட்டுவது ஒரு சடங்கு. ஒடிகத்தி அகன்று முன்வளைந்த, மடங்காத கத்தி. இடையின் முன்புறத்தில் செருகும் பீச்சேகத்தி வேறு. அது வெள்ளி வேலைப்பாடு கொண்ட சிறு கத்தி. இரண்டுக்கும் பிடி கைக்குள் அடங்கும். எந்தக் கத்தி எந்த வேலைக்கு, எந்த இடத்தில், யார் முன்னால் உறையிலிருந்து வெளிவரலாம் என்பதெல்லாம் அச்சமூகத்தில் அனைவரும் அறிந்தவை. வாகு என்பதில் இந்த அறிவும் அடங்கும் என்பேன். கத்தி உறையைவிட்டு வெளிவரும்போது சுற்றியுள்ளோர் அச்சமின்றி நிற்கிறார்கள் என்றால், அதன் பொருள் அவர்களுக்குத் தெரியும் என்பதே காரணம்.

எங்கள் கத்தியின் பொருள் எதிரிலிருந்தவருக்குத் தெரியவில்லை. மைசூரு மாவட்டத்தின் தென்மேற்கே, நாகரஹொளெ காட்டை ஒட்டிய ஒரு குடியிருப்பில் மூங்கில் வேலைக்குரிய சொற்களைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் மூங்கிலின் ஒவ்வொரு பகுதிக்கும், பிளக்கும் ஒவ்வொரு முறைக்கும் பெயர் சொல்லிவந்தனர். கட்டிவைத்திருந்த மூங்கில் கட்டின் கயிற்றை அறுக்க என் தோழி உதவிக்கு முன்வந்தார். காற்சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளினார். 'டக்' என்று அலகு நின்றது. பேசிக்கொண்டிருந்த அம்மையார் வாக்கியத்தின் நடுவே நிறுத்தினார். அருகில் விளையாடிய பேரக் குழந்தையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கன்னடத்தில், "இது யாரிகெ?" என்று கேட்டார். 'இது யாருக்கு?' என்பது அதன் பொருள்.

கயிறு அறுப்பதற்கு என்று விடை சொன்னோம். அவர் தலையசைத்தார். ஆனால் அதன்பின் எங்கள் கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில்தான் விடை வந்தது. அரைமணி நேரத்தில் பதிவை முடித்துக்கொண்டோம். முதியவர் மட்டும் கத்தியைக் கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீலைத் தொட்டுக்காட்டி, மூங்கில் பிளக்க அலகின் முதுகில் அடிக்கவேண்டும், இது தாங்காது என்று கூறித் திருப்பித் தந்தார். தம் கத்தியால் இரண்டே அடியில் மூங்கிலைப் பிளந்தார். நான் நெம்புகோல் கணக்கு போட்டுக் கண்டதை அவர் ஒரு பார்வையில் கண்டார். ஆயினும் அன்று என்னை வருத்தியது அம்மையாரின் கேள்விதான்.

ஒரு கருவியைப் பார்த்தால் 'இது எதற்கு?' என்று கேட்போம். கன்னடத்தில் 'யாதக்கெ' என்பர். அவர் அப்படிக் கேட்கவில்லை, 'யாருக்கு' என்றார். இரு மொழியிலும் உருபு நான்காம் வேற்றுமையே. அவ்வேற்றுமையின் பொருள்களை நன்னூல் அடுக்கும்போது 'பொருட்டு' என்பதையும் 'பகை' என்பதையும் ஒரே வரிசையில் வைக்கிறது. கூலிக்கு வேலை என்பதில் வரும் 'கு'வும், பாம்புக்குப் பகை கீரி என்பதில் வரும் 'கு'வும் ஒன்றே. இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்து கடந்துபோன அப்பட்டியல், அன்று ஒரு கிழவியின் வாயில் உயிர்பெற்று நின்றது. பொருட்டைக் குறிக்கும் 'கு'வை நாங்கள் எண்ணிச் சென்றோம். பகையைக் குறிக்கும் 'கு'வை அவர் கேட்டார். மொழியில் பேசுபவரின் எண்ணம் மட்டுமே பொருளை முடிவு செய்வதில்லை என்று நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். கத்திக்கும் அது பொருந்தும்.

அந்த 'டக்' ஒலியும் வெறும் ஒலியன்று. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர்க் கத்தி, இந்தித் திரைப்பட வில்லன்களின் கையில் அலகு விரியும் ஒலியாலேயே நாடு முழுதும் அறிமுகமானது. 1990களில் அம்மாநில அரசு 4.5 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகைத் தடைசெய்த பின் அக்கைத்தொழில் நலிந்தது. 2023இல் ராம்பூர் நகரச் சந்திப்பு ஒன்றில் அக்கத்தியின் மாபெரும் உருவத்தை நிறுவினர். அக்கைவினைஞரின் திறமை போற்றத்தக்கதே. ஆனால் அந்த ஒலி மிரட்டலின் குறியாகிவிட்டது. மதிப்புரைகளில் 'திறக்கும் ஒலி நிறைவளிக்கிறது' என்று எழுதுவோர், அது யாருக்கு நிறைவு என்று கேட்டுக்கொள்வதில்லை.

இனி அந்த அடைமொழிக்கு வருவோம். 'டாக்டிகல்' என்பது படைகளை அணிவகுக்கும் கலையைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாம் பயிலும் 'சின்டாக்ஸ்' என்பதும் அதே வேரின் கிளை. ஒன்று வீரர்களை அடுக்குவது, மற்றொன்று சொற்களை அடுக்குவது. இன்று கத்திப் பெட்டியின்மேல் அச்சொல் அணிவகுப்பையும் குறிப்பதில்லை, ஒரு வேலையையும் குறிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பகைவன் ஒருவனை மட்டுமே முன்னிறுத்துகிறது. சட்டத்தின் கண்ணிலும் இது சிறிய செய்தியன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட பொருள்களை 'ஆயுதம்' என்கிறது. வீட்டுப் பயனுக்கோ உழவுக்கோ மட்டும் என வடிவமைக்கப்பட்டவற்றை விலக்குகிறது. அதன்கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்தைவிட நீண்ட அல்லது 2 அங்குலத்தைவிட அகன்ற அலகுடைய கத்திகளை உரிமம் சார்ந்த பட்டியலில் சேர்க்கின்றன. வீடு, உழவு, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கு அமைந்தவற்றை அங்கும் விலக்குகின்றன. எங்கள் கத்தியின் அலகு 6 அங்குலம்தான். ஆனால் அலகின் நீளம் அளவுக்குள் இருப்பதால் மட்டும் எங்கும் எடுத்துச் செல்லலாம் என்றாகாது. பேருந்து நிலையத்தில் பையைச் சோதிக்கும் காவலர் முன், 'இது வீட்டுக் கத்தி' என்று சொல்ல முயல்வோம். பெட்டியின்மேல் தயாரித்தவரே வேறு சொல்லை அச்சிட்டிருக்கிறார்.

கருவிக்கும் ஆயுதத்துக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது என்பதை நம் மொழிகளே காட்டும். தமிழில் 'கத்தி' அடுக்களைப் பொருள். கன்னடத்தில் 'கத்தி' என்றால் முதலில் நினைவுக்கு வருவது வாள். மைசூருக்கு வந்த புதிதில் கடையொன்றில் காய் நறுக்கக் 'கத்தி' கேட்டு, கடைக்காரர் சிரித்துக்கொண்டே 'சாக்கு' என்று திருத்தித் தந்தது இன்றும் நினைவிருக்கிறது. தமிழிலோ போர்க்களத்து வாள் 'அரிவாள்' ஆகி வயலிலும், 'அரிவாள்மனை' ஆகி அடுக்களையிலும் அமர்ந்துவிட்டது. தசரா நாள்களில் இந்நகரில் அரண்மனை வாளுக்கும் நடக்கும் ஆயுத பூசை, ஆட்டோவுக்கும் நடக்கும். எங்கள் ஒலிப்பதிவுக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். கோடு மெல்லியது என்பதனாலேயே, எப்பக்கம் நிற்கிறோம் என்பதில் ஆய்வாளர் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும்.

என் தோழி இவற்றையெல்லாம் கேட்டபின் அமைதியாகச் சொன்னார்: "அக்கா, கயிறு அறுக்க வாங்கவில்லை. இரவுப் பேருந்தில் தனியாகத் திரும்பிவர வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் வாங்கினேன்." இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. தனியாகக் களத்துக்குச் செல்லும் பெண் ஆய்வாளரின் அச்சம் கற்பனையன்று, நானும் அறிந்ததே. ஆனால் அந்த அச்சத்துக்கும் இக்கத்தி விடையாகாது என்றே கருதுகிறேன். அமைதியான அறையில், உலர்ந்த கையால், இருபது முறை திறந்ததில் மூன்று முறை எனக்கு அலகு பாதியில் நின்றது. நடுங்கும் கையில், இருட்டில், நெருக்கத்தில் என்ன ஆகும்? வலிமை மிக்கவர் கைக்கு அது மாறிவிட்டால் என்ன ஆகும்? அவரது அச்சத்துக்கு விடை தரவேண்டியவர்கள் வேறு. களப்பணிக்கு இருவராக அனுப்புவது, பகலிலேயே திரும்பும்படி பயணத்தைத் திட்டமிடுவது, தங்குமிடத்துக்குப் பணம் ஒதுக்குவது, எங்கே இருக்கிறார் என்பதைத் துறையில் ஒருவர் அறிந்திருப்பது ஆகியவை நிறுவனங்களின் கடமை. அக்கடமை நிறைவேறாத இடத்தை 300 கிராம் எஃகால் நிரப்ப ஒரு மாணவி முயல்கிறார். கத்தியின் மதிப்புரையாகத் தொடங்கியது இவ்விடத்தில் வந்து நிற்பதற்கு நான் வருந்தவில்லை.

களத்துக்குக் கத்தியே வேண்டாம் என்று நான் கூறவில்லை. கயிறு அறுக்கவும், பழம் நறுக்கவும், மின்கலப் பொதியைப் பிரிக்கவும் ஒரு கத்தி வேண்டும். அலகு 7 அல்லது 8 செ.மீ. போதும். பிடி உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கவேண்டும். ஈரக் கையாலும் இடக் கையாலும் திறந்து மூடிப் பாருங்கள். கீலை அசைத்துப் பாருங்கள். கடைசியாக, உங்கள் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை எதிரில் அமரவைத்து, அவர் முன்னால் அதனைத் திறந்து பாருங்கள். அவர் 'எதற்கு' என்று கேட்டால் எடுத்துச் செல்லுங்கள். 'யாருக்கு' என்று கேட்டால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

தோழி அக்கத்தியைத் தம் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். அடுத்த பயணத்துக்கு இருவராகச் செல்ல நெறியாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம். மூங்கில் சொற்கள் இன்னும் பாதி மீதமுள்ளன. அந்த அம்மையாரிடம் மீண்டும் சென்று, விட்ட வாக்கியத்திலிருந்து தொடங்கவேண்டும்.